மீன்பெட்டியில் பிழைத்த பிகோனியா

ஒரு செடியை நான் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் சமையற்கட்டில் யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள்; அவர்கள் சொல்லி முடிக்கும்போது ஒரு செடி பத்துச் செடியாகியிருக்கும்.

விடுதியின் உள்தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மனேஜர் கேட்டார். நான் படித்தது ஏழாம் வகுப்பு, அதிலும் பாதி. உரும்பிராயில் என் தகப்பன், எங்கள் ஐயாவின் வெங்காயத் தோட்டத்துக்குப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஓர் ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு நான் அவ்வளவு தேவைப்படவில்லை. அந்த அரை வகுப்போடு வந்து, இந்தப் பெரிய விடுதியில் பதினெட்டுப் பேரை வைத்து வேலை வாங்கி, தலைமைத் தோட்டக்காரனாக ஓய்வு பெற்றவன் நான். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கொப்பியும் பேனையுமாக வந்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

உள்தோட்டத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மூன்று மாடி உயரத்தில் கண்ணாடிக் கூரை, நடுவில் குளம், குளத்துக்கு மேலே பாலம், இரண்டு கரையிலும் மலைநாட்டுச் செடிகள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தால் மேலில் குளிர் ஏறும். இது இப்போது. கட்டி முடித்த முதல் வருடம் சித்திரை வெயில் கண்ணாடிக்குள்ளால் இறங்கி இலையெல்லாவற்றையும் கருக்கியது. கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர், வெளிநாட்டிலிருந்து நிழல் திரை எடுப்பிக்க வேண்டும், கப்பலில் வர இரண்டு மாதம் செல்லும் என்றார். நான் ஆளை ஏற்றிக் கண்ணாடிக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பித்தேன். வெயில் பாதியாகக் குறைந்தது. மாரி மழை வந்து சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போனது. இடையில் திரை வந்து சேர்ந்தது; பொதியைப் பிரிக்கவே இல்லை.

"ஐயா எங்கை படிச்சனீங்கள்?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"உந்தக் கூரையிலைதான்" என்றேன்.

செடி வாடினால் செடியை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதை அன்றைக்கு எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான். அதை நானே மறந்த கதைதான் இனி வருவது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஊர் மக்களை உள்தோட்டம் பார்க்க விடுவோம். சங்கங்களும் பள்ளிக்கூடங்களும் கோயில் குழுக்களும் முன்கூட்டி அறிவித்துவிட்டு வரும். நான்தான் சுற்றிக் காட்டுவேன். கனடாவிலிருந்து வந்தவர்கள் வாழைக்குக் கீழே நின்று படம் எடுப்பார்கள். எங்கள் ஊர் ஆண்களிடம் ஒரே கேள்விதான் இருக்கும். எந்தச் செடியைக் காட்டினாலும், "உது காய்க்குமோ?" என்பார்கள். இல்லை என்றால், "பிறகேன் வைச்சிருக்கிறியள்?" பெண்கள் அப்படியெல்லாம் கேட்கமாட்டார்கள். அவர்கள் கணுவைப் பார்ப்பார்கள். பார்த்தபடியே நடப்பார்கள், கை தன்பாட்டில் ஒரு கொப்பை ஒடிக்கும். கேட்டு வாங்கின தடி வேர் பிடிக்காது, களவாய் எடுத்த தடிதான் பிடிக்கும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. ரோசாவுக்கும் அதுதான், குரோட்டனுக்கும் அதுதான். எனக்கும் அது தெரியும். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை எங்கிருந்து வந்தது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில், குளத்தின் வடக்குக் கரையில் ஒரு பிகோனியா நின்றது. கையகல இலை. மேலே கரும்பச்சையில் வெள்ளி தெளித்ததுபோல் புள்ளிகள். கீழே திருப்பினால் ஈரல் நிறச் சிவப்பு. அது விடுதி முதலாளியின் மனைவியுடையது. அவரை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் சொல்லுவோம். மலைநாட்டில் பிறந்தவர், தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். அவர்கள் இருந்த வீடு இடிபட்டு, வீட்டைச் சுற்றியிருந்த பூஞ்செடிகளும் போய், இந்த ஒரு சாடி மட்டும் மிஞ்சியது. அதை என் கையில் தந்த அன்று அம்மா சொன்னார்:

"எங்கம்மா கல்யாணமான புதுசுல, துரை பங்களாவுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனப்ப ஒரு எலையைக் கிள்ளி, சேலைத் தலைப்புல முடிஞ்சுகிட்டு வந்தாங்களாம். அதுல வந்தது இது. பத்திரமா பாத்துக்குங்க ஐயா."

நல்ல கதை என்று தலையாட்டி வாங்கி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கத்துக் குருநகரிலிருந்து மாதா கோயில் பெண்கள் முப்பது பேர் பஸ் பிடித்து வந்தார்கள். அதே பின்னேரம் காரில் ஒரு பெண்மணியும் வந்திருந்தார். தெல்லிப்பழையைச் சேர்ந்தவர், கொழும்பில் பெரிய இடத்தில் இருப்பவர். அவர் பாலத்தடியில் நின்ற குரோட்டனில் ஒரு கொப்பை ஒடித்தார். நான் கண்டேன். கிட்டப் போய், "அப்பிடியே பையுக்கை வைச்சா வாடிப்போம் அம்மா, பொறுங்கோ" என்று சொல்லி, ஈரக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. குருநகர்ப் பெண்களில் ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், அதே குரோட்டனில் ஒரு கொப்பை ஒடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஏய் மனுசி! பையைத் திற" என்றேன்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவர் அசையவில்லை. நான் கையை நீட்டினேன். அவர் பையைத் திறந்து அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார். கைக்குட்டை, சீப்பு, மாத்திரை அட்டை, பஸ் ரிக்கற், குரோட்டன் கொப்பு. கொப்பை நான் எடுத்துக் குப்பை வாளிக்குள் போட்டேன். மற்றவற்றை அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு கையால்தான் பொறுக்கினார். மற்றக் கை செபப்புத்தகத்தை நெஞ்சோடு பிடித்திருந்தது. அவர்களுடைய பஸ் நேரத்தோடு புறப்பட்டுப் போனது.

காலையில் இலைகளை எண்ணிக் கொப்பியில் குறிப்பது என் வழக்கம். மறுநாள் பிகோனியாவில் ஓர் இலை குறைந்தது. காம்போடு சுத்தமாகக் கிள்ளியிருந்தது, பழகிய நகம். பையைக் கவிழ்த்த அந்தப் பெண்தான் என்று எனக்கு உடனே விளங்கியது. ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. முப்பது பேருக்கு முன்னால் பையைத் திறப்பித்த பிறகும் களவு போயிருக்கிறது என்றால் வெட்கம் எனக்குத்தானே. குருநகர் வெக்கைக்குள் அது ஒரு கிழமை, ஏழு நாள்கூடத் தாங்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சமையற்கட்டுக்கு நாள்தோறும் மீன் கொண்டுவருகிறவரும் குருநகர்தான். முன்பெல்லாம் என்னைக் கண்டால், "என்ன அண்ணை, பூவெல்லாம் சுகமோ?" என்று பகிடி விடுவார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு முகம் கொடுக்கவில்லை. சமையற்காரர்தான் காரணம் சொன்னார்: அந்தப் பெண் அவருடைய மனைவி. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மீன் வந்துகொண்டுதான் இருந்தது.

ஒன்றரை வருடம் போனது. ஒரு வைகாசியில் உள்தோட்டத்தின் குளிரூட்டி பழுதாகி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காலையில் பிகோனியா தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

இந்த இடத்தில் என் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உரும்பிராயில் செம்மண். தண்ணீரை வாய்க்காலில் விட்டு, பாத்தி பாத்தியாக வெட்டி மாறிக்கொண்டு போவோம். ஒவ்வொரு பாத்தியும் நிறைந்து தளம்ப வேண்டும். அந்த மண் அவ்வளவையும் குடித்துவிட்டு மூன்றாம் நாள் இன்னும் கேட்கும். வெங்காயத் தாள் சாய்ந்தால் தண்ணீர், மிளகாய் இலை சுருண்டால் தண்ணீர். எட்டு வயதிலிருந்து அப்படிப் பழகிய கை வேறு வைத்தியம் அறியாது. இலை தொங்குவதைக் கண் காண முதல் கை வாளியைத் தூக்கிவிட்டது. காலையில் ஒரு வாளி. பின்னேரம் பார்த்தேன், இன்னும் தொங்கியது; இன்னொரு வாளி. அடுத்த நாளும் அப்படியே. ஒரு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்திருந்தால் போதும். பதினெட்டுப் பேருக்கு அதைப் படிப்பித்தவன் விட்டுப் பார்க்கவில்லை. வாளி தூக்கத் தொடங்கிய நாலாம் நாள் ஓர் இலையைத் தூக்கினேன், தண்டு கையோடு வந்தது. வேர் குழைந்த சோறுபோல் இருந்தது. மிஞ்சிய இலைகளைப் பிரித்து மணலில் நட்டேன். ஒவ்வொன்றாகக் காம்பில் கறுத்து எல்லாம் போயின.

தண்ணீர் கூடிய செடியும் தண்ணீர் இல்லாத செடியும் ஒரே மாதிரித்தான் தலை தொங்கும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதித் தர ஆள் இருக்கவில்லை.

கடைசி இலை கறுத்த அன்றைக்கு மனேஜர் கூப்பிட்டார். சின்ன வயது, நல்ல பிள்ளை. பலர் முன்னிலையில் நான் அவரைச் சேர் என்பேன், தனியே தம்பி.

"ஐயா, அம்மா இன்னும் மூண்டு கிழமையிலை வாறா. தாயின்ரை ஆண்டுத் திவசத்தை முடிச்சுக்கொண்டு நேரை இஞ்சைதான். அந்தச் செடிக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருக்கவேணுமாம்."

"தம்பி, அது செத்துப்போச்சு."

"எது?"

"செடி. நான்தான் தண்ணியை விட்டு அழுகப் பண்ணிப்போட்டன்."

"உங்கடை வேலை மட்டுமில்லை ஐயா, என்ரையும் போகப்போகுது" என்றார். பிறகு அவரே, "நுவரெலியாவிலை உது மாதிரி ஒண்டு எடுப்பிப்பம். வெள்ளிப் புள்ளி இருந்தாச் சரிதானே? அம்மாவுக்கு என்ன தெரியப்போகுது" என்றார்.

நான் ஓம் என்றேன். இதையும் மறைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது.

நாலு நாளில் மரக்கறி லொறியில் செடி வந்து இறங்கியது. அதே உயரம், அதே புள்ளி. பழைய இடத்தில் வைத்துவிட்டுப் பாலத்தில் ஏறிப் பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. மனேஜர் பெருமூச்சு விட்டு என் தோளில் தட்டினார். அவர் போன பிறகு கிட்டப் போய் ஓர் இலையைத் திருப்பினேன். கீழ்ப்பக்கம் வெளிறின பச்சை.

அம்மா அந்தச் செடியடிக்கு வந்தால் முதலில் செய்வது ஒன்றுதான். ஓர் இலையைத் திருப்பி, அந்தச் சிவப்பை விரலால் ஒரு தரம் தடவுவார். பிறகுதான் இருப்பார். மனேஜர் அதைக் கவனித்ததில்லை. நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். தாயின் திவசத்தைச் செய்துவிட்டு வரும் மனுசி அந்தப் பச்சையைத் தடவிப் பார்க்கும் நேரத்தில் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அதை நினைத்துப் பார்த்தேன். வேலை போவது அதைவிடப் பரவாயில்லை என்று பட்டது.

உலகத்தில் அந்தச் செடியின் இலை இன்னும் ஓர் இடத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கலாம். அது எனக்குத் தெரிந்த இடம்.

மறுநாள் காலையில் மீன் இறக்கும் வாசலில் போய் நின்றேன்.

"தம்பி, உங்கடை வீட்டிலை வெள்ளிப் புள்ளி போட்ட செடி ஒண்டு நிக்குதோ?"

மீன்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டிலை எத்தினையோ நிக்குது. மனுசியைக் கேளுங்கோ."

"நீங்கள் ஒருக்கால் கேட்டுச் சொல்லேலாதோ?"

"பையைத் திற எண்டு சொல்லேக்கை என்னைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"பிறகென்ன. போய் நேரை நிண்டு பேச்சு வாங்குங்கோ அண்ணை. நான் நடுவிலை வரமாட்டன்."

அன்று பின்னேரமே விடுதியின் வான் வண்டியில் போனேன். வான் நுழைய முடியாத ஒழுங்கை. முனையில் இறங்கி நடந்தேன். மதிலோரத்தில் இரண்டு பெண்கள் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டு இருந்தார்கள். அந்த வீட்டுப் படலைக் கதவடியில் நின்று, "தங்கச்சி" என்று கூப்பிட்டேன்.

அவர் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆர், பூந்தோட்டத்து அண்ணையோ? அண்டைக்கு 'ஏய் மனுசி'. இண்டைக்குத் தங்கச்சியாகிட்டன். ஒண்டரை வரியத்திலை நல்லாத்தான் முன்னேறியிருக்கிறன்."

வலைக்காரப் பெண்கள் சிரித்தார்கள்.

"ஒரு செடி விசயமாக் கதைக்க வந்தனான்."

"பொறுங்கோ, பையை எடுத்துக்கொண்டு வாறன். திறந்து பாத்திட்டுக் கதைப்பம்."

"இல்லைப் பிள்ளை. அண்டைக்கு நான் செய்தது பிழை."

"என்ன பிழை? களவெடுத்தது நான்தானே?"

அவர் படலையைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "காரிலை வந்த அம்மாவும் அதே கொப்பிலைதான் ஒடிச்சவ. நீங்கள் அவவுக்கு ஈரக் கடதாசி சுத்திக் குடுத்தனீங்கள். நான் பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அதைப் பாத்திட்டுத்தான் நானும் ஒடிச்சனான். இவர் குடுக்கிற மனுசன் எண்டு நினைச்சன்."

அவ பெரிய இடத்து மனுசி என்று நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால், நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு அதுதான் முழுப் பதில் என்று ஆகிவிடும். சொல்லாமல் விட்டாலும் அதுதான் பதில். இன்றைக்கும் வேறு பதில் இல்லை.

"அந்த இலை..." என்றேன்.

"பையைத்தான் பாத்தனீங்கள். செபப்புத்தகத்தைப் பாக்கேல்லை" என்று சொல்லிப் படலையைத் திறந்தார். "வாங்கோ."

வீட்டின் பின்புறத்தில், தண்ணீர்த் தாங்கியின் நிழலில், மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்று மூடியில்லாமல் இருந்தது. அதற்குள் பிகோனியா நின்றது. நான் வளர்த்ததைவிடச் செழிப்பாக நின்றது. குனிந்து ஓர் இலையைத் திருப்பினேன். ஈரல் சிவப்பு.

"இந்த வெக்கைக்குள்ளை எப்பிடி?"

"ஐஸ் கரையாமல் வைச்சிருக்கிற பெட்டி செடியை வைச்சிருக்காதோ? சாடியைச் சுத்திச் சாக்கு அடைச்சு சாக்கைத்தான் நனைப்பன். அடியிலை ஓட்டை. செடிக்கு ஒண்டும் ஊத்தமாட்டன். மண் நல்லாக் காய்ஞ்சு ஒரு நாள் போனாப் பிறகு ஒரு சிரட்டை."

"ஒரு சிரட்டைதானோ?"

"நீங்கள் எவ்வளவு விட்டனீங்கள்?"

"வாளி" என்றேன்.

"எத்தினை வாளி?"

நான் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினேன். அவர் தலையில் கை வைத்தார். "உரும்பிராயாக்கள் தண்ணியைக் கண்டால் விடமாட்டியள். நாங்கள் கடல்காரர் அண்ணை, தண்ணிக்குப் பயந்த ஆக்கள்."

பட்டம் பெற்ற எத்தனையோ பேர் எனக்கு நீர்ப் பாசனம் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறார்கள். ஒன்றும் ஏறவில்லை. இது ஏறியது.

அம்மாவின் தாயைப் பற்றி, இடிபட்ட வீட்டைப் பற்றி, மூன்று கிழமைத் தவணையில் ஏழெட்டு நாள் போய்விட்டதைப் பற்றி எல்லாம் சொன்னேன். துரை பங்களாவில் கிள்ளிய இடம் வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. சேலைத் தலைப்பில் முடிந்த இலையின் கதையை நல்ல கதை என்று கேட்டவனும் நான்தான், செபப்புத்தகக்காரியின் பையைக் கவிழ்ப்பித்தவனும் நான்தான்.

"ஒரு இலை தந்தால் போதாது, வேர் விட்டு வர மாசக்கணக்கு ஆகும். இந்தச் சாடியைத்தான் கேக்கிறன்" என்றேன்.

"தரமாட்டன்."

"பிள்ளை..."

"குடுத்த செடி பிடிக்காது. இவ்வளவு காலம் தோட்டவேலை செய்யிறியள், உது தெரியாதோ?" என்று சொல்லிக்கொண்டு அவர் குசினிப் பக்கம் திரும்பினார். "நான் தேத்தண்ணி போடப்போறன். கேத்தில் கொதிக்கக் கொஞ்ச நேரம் செல்லும். அதுக்குள்ளை இஞ்சை என்ன நடக்குதெண்டு நான் பாக்கமாட்டன்."

"நான் திருப்பிக் கொண்டுவந்து தருவன்."

"ஒண்டும் கொண்டு வரவேண்டாம். எனக்கு வேணுமெண்டால் எடுக்கத் தெரியும்."

அவர் உள்ளே போய்விட்டார். நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் தனியே நின்றேன். வயது அறுபத்து மூன்று. பதினெட்டுப் பேருக்குத் தலைவன். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வீட்டைச் சுற்றிப் படலைக்கு வந்தேன். படலையை முழங்காலால் திறந்துகொண்டு இருக்கும்போது பின்னால் குரல் வந்தது.

"ஐயோ! என்ரை செடியைக் காணேல்லை! உரும்பிராய்க் கள்ளன் கொண்டு போறார், பாருங்கோடி!"

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நிற்கிறார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

"அண்ணையின்ரை பையைத் திறந்து பாருங்கோ!" என்றார் வலைக்காரப் பெண் ஒருவர்.

"விடடி, வயசான கள்ளன். ஓடவும் ஏலாது, மதிலும் பாயேலாது" என்றார் மற்றவர்.

மதில்களுக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. அந்த ஒழுங்கை நூறு யார் தூரம்தான் இருக்கும். அன்றைக்கு அது பலாலி றோட்டு அளவுக்கு நீண்டது. நான் தலையைக் குனியாமல் நடந்தேன். குனிந்தால் இலையில் நாடி முட்டும்.

விடுதியில் மனேஜர் மீன்பெட்டியைக் கண்டு பதறினார். செடியை உடனே நல்ல சாடிக்கு மாற்றச் சொன்னார். மாற்றினால் வேர் கலங்கும், பெட்டியோடுதான் நிற்கும் என்று மறுத்துவிட்டேன். கண்ணாடிக் கூரையின் கீழ், வெளிநாட்டுக் கல் பதித்த கரையில், பக்கவாட்டில் குருநகர்ப் படகொன்றின் இலக்கம் மையால் எழுதிய வெள்ளைப் பெட்டி. அழகாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

"சரி ஐயா, பெட்டி இருக்கட்டும். ஏதோ குளிருக்கு வைச்சிருக்கிறம் எண்டு சொல்லுவம். பழைய செடிதான் எண்டு சொல்லுங்கோ. பொய்யும் இல்லைத்தானே, அதே செடிதானே" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மா இலையைத் திருப்பினால் சிவப்பு இருக்கும். அதற்கு மேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இரண்டு நாள் யோசித்தேன். செடியைக் களவாய் எடுக்கலாம், அதற்கு ஊரில் அனுமதி உண்டு. வளர்த்தவரின் பெயரையும் சேர்த்து எடுக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. என் பெயருக்கு எவ்வளவு ஆசைப்படுகிறவன் நான் என்பது உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். அதனால்தான் மற்றவருடைய பெயரின் பெறுமதியும் எனக்குத் தெரியும்.

அம்மா வந்தார். நேரே செடியடிக்குப் போய், ஓர் இலையைத் திருப்பி, விரலால் தடவினார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"இது என்ன ஐயா, மீன் பெட்டி மாதிரி இருக்கு?"

"மீன் பெட்டிதான் அம்மா."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைச் சொன்னேன். நுவரெலியாவிலிருந்து வந்த செடியைச் சொன்னேன்; மனேஜர் குளத்து மீன்களைப் பார்த்தார். கடைசியாகக் கைப்பையைச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் கனநேரம் எடுத்தது.

அம்மா இலையை விடவில்லை. "எங்கம்மா கையை அன்னைக்குத் துரைசானி பிடிச்சிருந்தா, இந்தச் செடியே இல்ல ஐயா" என்றார். பிறகு, "அவங்களை எல்லாம் திரும்ப வரச் சொல்லுங்க. நீங்களே கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க" என்றார். என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் அது இருந்தது. நுவரெலியாச் செடி வரவேற்பு மேசைக்குப் போனது.

அடுத்த மாதம் அதே பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். பிகோனியாவுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி, இதை உயிரோடு வைத்திருந்தவர் இவர்தான் என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறெங்கோ பார்த்தார்.

போகும் நேரத்தில் அவர் வாசலில் நின்றார். ஒருவரும் கேட்காமலே கைப்பையைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்தார். கைக்குட்டை, சீப்பு, மாத்திரை அட்டை, பஸ் ரிக்கற்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. இண்டைக்கு ஒண்டும் இல்லை."

இந்த முறை நான் குனிந்து பொறுக்கினேன். பொறுக்கிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது செபப்புத்தகம் அவருடைய நெஞ்சோடு இருந்தது. நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"வடிவாப் பாத்திட்டன் தங்கச்சி. போயிட்டு வாங்கோ" என்றேன்.

ஓர் இடத்தில் மட்டும் நிற்கிற செடியை நம்பித் தொழில் செய்யாதீர்கள். இதுதான் நான் உங்களுக்குக் கடைசியாகச் சொல்ல வேண்டியது. அது எங்கே போய் நிற்கும், யார் கையில் பிழைக்கும் என்பதை நீங்கள் தீர்மானிக்கப் போவதில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல இலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. காம்போடு, சுத்தமாக. கொப்பியை எடுத்து, அந்தத் தேதிக்கு நேரே, "எல்லாம் சரி" என்று எழுதினேன்.